அரை மாத்திரைக் கணக்கு

கண்ணாடி வெட்டுகிறவருக்கு அரை, கால் எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆறடிக் கண்ணாடியில் அரையடித் துண்டு எத்தனை வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பன்னிரண்டு என்பார். ஆனால் மனைவி போய் இந்த நாற்பது நாளாக, மனுஷனுக்குச் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. சாவு வீட்டில் மச்சினிச்சி கேட்ட ஒரு கேள்வி மட்டும் உள்ளே கிடந்து அறுத்தது.

"மாத்திரை ஒழுங்கா போடுறாளான்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவள் எழுந்திருப்பதற்கு முன்பே கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் கணக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். படிப்பது ஐந்தாம் வகுப்பு, வாய் மட்டும் பத்தாம் வகுப்பு. ஆறை அரையால் வகுக்கச் சொன்னதற்கு மூன்று என்று எழுதி, பெரிய தப்புக்குறி வாங்கி வந்திருந்தாள்.

"வகுத்தா குறையத்தானேப்பா செய்யும்? அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுறது?"

"பங்கு போடாதம்மா. ஆறுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னு பாரு." கண்ணாடியை வைத்துச் சொல்லிப் பார்த்தார். ம்ஹூம், மண்டையில் ஏறவில்லை.

சட்டென்று எழுந்தவள், அலமாரியிலிருந்து அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கொண்டு வந்தாள். நாற்பது நாளாக யாரும் தொடாத டப்பா. "தினம் காலையில அரை மாத்திரைன்னுதானே டாக்டர் சொன்னாரு? இதை வச்சு சொல்லுங்க."

அட்டைக்குப் பத்தாக ஐந்து அட்டை. காலிக் குழிகளை விரலால் தடவித் தடவி எண்ணினாள். முப்பத்திரண்டு. "ஒரு மாத்திரை ரெண்டு நாளைக்கு. அப்போ, அறுபத்துநாலு நாள்! ஐயோ, வகுத்தா கூடுதுப்பா!" முகமெல்லாம் பல்.

டப்பா மூடியில் மனைவியின் கையெழுத்தில், மாத்திரை ஆரம்பித்த தேதி. அவர் காலண்டரை எடுத்து, அந்தத் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கேயாவது உதைக்கும் என்றுதான் நினைத்தார். உண்மையைச் சொன்னால், உதைக்கட்டும் என்று ஆசைப்பட்டார். எழுபதோ எண்பதோ வந்தால், அவள் போடாமல் விட்டிருக்கிறாள், நான் பார்க்காமல் விட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம்.

அவள் போன தேதியில் விரல் நின்றது. அறுபத்துநாலு. ஒரு நாள் விடவில்லை. மத்தியானம் உயிர் போன அன்றைக்குக் காலையிலும், யாரும் பார்க்காமலே, முந்தின நாள் உடைத்ததில் மீதி அரையைப் போட்டிருக்கிறாள்.

மகள் மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினெட்டு இருக்கு. அரையால வகுத்தா முப்பத்தாறு. சரியாப்பா?"

"சரி."

நோட்டில் மூன்றை அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினாள். அப்புறம் விரல் விட்டு எதையோ எண்ணினாள். "அம்மா இருந்திருந்தா நாலு நாளைக்கு முன்னாடியே இதெல்லாம் தீர்ந்திருக்கும். புது டப்பா வாங்கணும். நீங்க மறந்திருப்பீங்க."

மறந்திருக்க மாட்டேம்மா என்று சொல்ல வாயெடுத்தார். நாற்பது நாளாக வராத அழுகைதான் வந்தது.