கேள்வியையும் எழுதுங்க

பிள்ளைகளே, பெரியகல்லாற்றுச் சின்னத்தங்கம் புருசன் போன பிறகு தானே தோணி வலித்து வாவியில் வலை போட்டவள். அவளிடம் மீனவர் சங்கம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. கையெழுத்து வைக்காவிட்டால் சங்கத்தில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் தோணிக்கு அனுமதி இல்லை.

எல்லாம் ஒன்பது விநாடி வீடியோவால் வந்தது. போன மாதக் கூட்டத்தில் எழும்பி நின்று, “அந்த வலையைக் கொளுத்துங்க! முதல் நெருப்பு நான் வைப்பன்!” என்கிறாள். அது ஊரெல்லாம் போனில் ஓடிய கிழமையில் சங்கத்து இளம் மீனவன் சதீசனின் வலையை யாரோ எரித்துவிட்டார்கள்.

“உங்கட வாயால சொன்னதுதானே மாமி? இல்லையெண்டுவீங்களா?” இந்த மாதக் கூட்டத்தில் சதீசன் எல்லாருக்கும் முன்னால் போனை நீட்டினான்.

“சொன்னதுதான். இன்னும் பத்துத்தரம் சொல்லுவன். அதுக்கு முன்னால தலைவர் என்ன கேட்டவர்?”

“அது இதில இல்ல.”

“தலையை வெட்டி எறிஞ்சு போட்டு, இது என்ன மீனெண்டு என்னட்டயே கேக்கிறியா மனே?”

பின்வரிசையில் சிரிப்பு. தலைவர் அழகரத்தினம் மேசையில் தட்டினார். “பழசைக் கிளறாத கா. கையெழுத்த வச்சிட்டுப் போ, பிரச்சினை முடியும்.”

“உங்களுக்கு முடியும் அண்ணன்.”

கடிதத்தை இழுத்தாள். ‘வலையைக் கொளுத்தச் சொன்னேன், மன்னிக்கவும்’ என்றிருந்தது. ‘மன்னிக்கவும்’ என்பதை வெட்டினாள். மேலே இருந்த வெறும் இடத்தில், வாய்விட்டு வாசித்தபடியே எழுதினாள்: ‘தலைவர் கேட்டார்: தடைசெய்த தங்கூசி வலையோட உன்ட மகன் பிடிபட்டா என்ன செய்யிற?’

“நான் கொளுத்தச் சொன்னது என்ட புள்ளைட வலையை. சதீசன்ட வலையை எரிச்சவனத் தேடுங்க, நானும் வாறன்.” கையெழுத்து வைத்து, தாளைத் தள்ளினாள். “உங்கட கேள்விக்குக் கீழ நீங்க வையுங்க.”

“நான் அப்பிடிக் கேட்ட ஞாபகமில்ல.”

சதீசன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“கேட்டீங்க தலைவர்,” என்றான். “எனக்கு வந்த வீடியோ இவ்வளவுதான். ஆனா அண்டைக்கு நானும் இருந்தன்.”

அழகரத்தினம் பேனையைத் தொடவில்லை. சின்னத்தங்கம் கதிரையொன்றை இழுத்து அவருக்கு நேர் முன்னால் இருந்துகொண்டாள்.

“ஆறுதலா வையுங்க அண்ணன். நான் விடியத்தான் வலைக்குப் போறன்.”