மரம் படும் இடம்

மாசி மாதத்து இரண்டாம் ஞாயிறு, காலைப் பூசைக்குப் போகாமல் சகாயமேரி ஆரணிக்கு பஸ் ஏறினாள். வருடம் 1983.

நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளைப் பை சிஸ்டர் என்பார்கள். பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றில் வெளியே வைத்துத் தைத்த நோயாளிகள் அவள் பொறுப்பு. மலம் அந்த வாய் வழியாகப் பையில் இறங்கும். பையை ஒட்டக் கற்றுக்கொடுப்பது, சுற்றியிருக்கும் தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வது, எதைச் சாப்பிடலாம் என்பது, வீட்டில் எப்படிச் சொல்வது என்பது எல்லாம் அவள் வேலை. இதற்காகவே பம்பாய் போய்ப் படித்துவிட்டு வந்தவள். வாய் எந்த இடத்தில் வரவேண்டும் என்று அறுவைக்கு முன்னால் வயிற்றில் மையால் புள்ளி வைப்பவளும் அவள்தான். டாக்டர் அந்தப் புள்ளியில் கத்தி வைப்பார்.

ஜெயவேல் பட்டு நெய்கிறவன். கல்யாணமான வருடத்திலிருந்து அவனுக்கு ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழம் நெய்வதற்குள் பலமுறை தறியைவிட்டு எழுந்து ஓடுவான். மாத்திரையில் முகம் வீங்கியதே தவிர நோய் இறங்கவில்லை. குடலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது கையெழுத்துப் போட மறுத்தான். சகாயமேரி கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசினாள். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், மறுபடி தறியில் உட்கார முடியுமா என்று. முடியும் என்றாள். கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்குப் போன பிறகு ஒருமுறை வந்து காட்டினான். அப்புறம் வரவில்லை. ஆள் சொல்லி அனுப்பியும் பதில் இல்லை.

தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தார்கள். சகாயமேரி ஓரமாக நடந்தாள். அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த பெரியவர் தனக்கோடியிடம் ஜெயவேல் வீடு எது என்று கேட்டாள்.

"யாரு, பையாண்டியா?" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "கோச்சிக்காதீங்க. அவனே வெச்சிகினு பேருதான். நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடி நானே கூப்பிட்டுக்கிறேன், அப்புறம் பேஜார் இல்ல பாருன்னான்."

மற்றவர்கள் பேசும் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

தறியில் அவன் மனைவி அபிதகுசாம்பாள் இருந்தாள். சிஸ்டரைப் பார்த்ததும் ஊடைநூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். குடிக்கக் கலர் வாங்கிவரட்டுமா என்று கேட்டாள். பிறகு பதிலுக்குக் காத்திராமல் உள்ளறையைக் கைகாட்டினாள்.

ஜெயவேல் பாயில் கிடந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். அவள் தோளைப் பிடித்துப் படுக்க வைத்து, வயிற்றில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பையைப் பிரித்தாள். குடலின் வாய் கறுத்து வீங்கியிருந்தது. அதைச் சுற்றி, கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தியதுபோல் வட்டமாக ஒரு வெட்டு. தோல் வெந்து கிடந்தது.

இது எதனால் என்று கேட்டாள். குசாம்பாள்தான் சொன்னாள். தறியில் உட்கார்ந்தால் மரம் படுகிறது என்று, ஒரு கொட்டாங்குச்சியை வழவழப்பாகத் தேய்த்தான். விளிம்பில் கழிவுப் பட்டு நூலைச் சுற்றினான். அதை வாயின்மேல் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு நெய்தான். முதலில் சரியாகத்தான் இருந்தது. பிறகு விளிம்பு அறுத்தது. அறுத்தும் நெய்தான். ஒருநாள் பை பிய்ந்து சேலையில் கறை பட்டது. முதலாளி திட்டவில்லை. அடுத்த பாவைக் குசாம்பாள் கையில் கொடுத்தார்.

"எந்த மரம்?" என்றாள் சகாயமேரி.

நெய்த சேலை சுருண்டுகொண்டிருக்கும் உருளையைக் குசாம்பாள் காட்டினாள்.

புண்ணைக் கழுவிப் பவுடர் போட்டு, கொண்டுவந்த புதுப் பையை ஒட்டியபின், அவனைக் கொஞ்ச நேரம் தறியில் உட்காரச் சொன்னாள் சகாயமேரி. நெய்ய வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்றாள். அவன் சுவரைப் பிடித்து வந்து தறிக்குக் கீழே இருந்த குழிக்குள் கால்களை இறக்கினான். உருளை அவன் மடிக்கு மேல் குறுக்கே நின்றது. பழக்கத்தில் கை நாடாவுக்கு நீண்டது. உடம்பு முன்னால் வளைந்தது. மரம் பையின் நடுவில் பட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். மரத்துக்குக் கீழே, அடிவயிற்றில், ஒரு கை வைக்கிற அளவு இடம் மரம் படாமல் சும்மா இருந்தது.

புள்ளி வைத்த அன்று அவனைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்திருந்தாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னபோது முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெள்ளை உடுப்புக்கு முன்னால் வேறு எப்படி உட்காருவான். வேட்டி மடிப்பு உரசக்கூடாதென்று புள்ளியை மேலே தள்ளி வைத்தாள். அதற்கு முந்தின வாரம் ஒரு ரிக்‌ஷாக்காரரை, எப்படி மிதிப்பீர்கள், காட்டுங்கள் என்று கேட்டிருந்தாள். ஜெயவேலைக் கேட்கவில்லை. அவள் சேத்துப்பட்டுக்காரி. இந்தத் தெருக்களின் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆரணிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தவள். உள்ளே நுழைந்து பார்த்ததில்லை.

"புள்ளி நான் வெச்சதுங்க," என்றாள். "இடம் தப்பு."

"அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர். குழியில உக்காருவேன்னு நானும்தான் சொல்லல. ஆரணிக்குப் பக்கத்து ஊரு, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிகினு இருந்துட்டேன்."

குசாம்பாள் தறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இடத்தை மாற்றித் தைக்க முடியுமா என்று அவன் கேட்டான். சகாயமேரிக்கு அறுவையன்று நடந்தது நினைவுக்கு வந்தது. அன்று ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் வெளியே வந்து, குசாம்பாளைத் தாண்டிப் போய், சகாயமேரியிடம் மட்டும் நம்பிக்கையில்லை என்பதுபோல் தலையை அசைத்துவிட்டு மறுபடி உள்ளே போனார். அன்றைக்கு இருந்த உடம்பில் பாதிதான் இப்போது குழிக்குள் இருந்தது. இன்னொருமுறை வயிற்றைத் திறந்தால் தாங்குவான் என்று யாரும் சொல்லப்போவதில்லை. புண் ஆறட்டும் என்றாள். கொட்டாங்குச்சியை இனி கட்டவே கூடாது என்றாள். வாரம் தவறாமல் தானே வருவதாகச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது பார்க்கலாமே என்றாள்.

"பாக்கலாம். நூல் சுத்துறேன். கடையில சேலை மடிச்சிக் குடுக்கச் சொன்னாலும் செய்றேன்," என்றான் ஜெயவேல். சொல்லிவிட்டு நெய்து முடிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். குசாம்பாள் நெய்த சேலையின் ஓரம் ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தது.

வெளியே பாவைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தனக்கோடி யாரையோ ஜல்தியாக வரச்சொல்லிக் கத்தினார்.

சகாயமேரி பழைய பையைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தாள். கைகளைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். குழியின் விளிம்பில், அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சொல்வதற்கு வாயெடுத்தாள்.

அவன் முந்திக்கொண்டான்.

"பொழச்சதே பெரிசுன்னு டாக்டரு சொன்னாரு. இவளும் தெனம் அதையே சொல்லிகினு இருக்கறா. நீங்களும் அதைச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்களா, சிஸ்டர்?"