ஷம்சாத் வீட்டுச் சுவர்

கூத்தாநல்லூர் அனீஸா, பூதலூரில் ஷம்சாத் வீட்டுக் கூடத்துச் சுவருக்குள் போய் உட்கார்ந்தபோது சுண்ணாம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. பழைய சுவர், நல்ல கனம். ஒரு ஆள் கால் மடக்கி உட்காரலாம். மார்க்கப் பணிக்காகக் கணவன்மாரோடு நாற்பது நாள் ஜமாஅத்தில் வந்த ஐந்து பெண்களில் அவளும் ஒருத்தி. ஆண்களுக்குப் பள்ளிவாசல், பெண்களுக்கு ஷம்சாத் ஒழித்துக் கொடுத்த அந்தக் கூடம். வாசல் தாண்டக்கூடாது என்பது ஜமாஅத்தின் ஏற்பாடு. சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து கையும் அதில் சாப்பிட வேண்டும், தோளோடு தோள் உரசப் படுக்க வேண்டும். பகல் முழுக்கத் தெருப் பெண்கள் வந்து பயான் என்கிற மார்க்கப் பேச்சைக் கேட்டு, தேத்தண்ணி குடித்து, பேசித் தீர்ப்பார்கள்.

அவளை யாரும் கட்டாயப்படுத்தி இழுத்து வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த கணவன் சைபுல்லாவை நச்சரித்துக் கிளம்ப வைத்ததே அவள்தான். இந்தப் பணியில் அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் சுற்றி இரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் நெஞ்சு அடைக்கும், சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்குள் யார் பேசுவதும் காதில் ஏறாது. சமையலைத் தன் பொறுப்பில் கேட்டு வாங்கினாள். "தனியா கஷ்டப்படுறியேம்மா" என்று மூன்று பேர் வெங்காயம் உரிக்க வந்துவிட்டார்கள். குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் வயிறு சரியில்லை என்று ஓமத்தண்ணி வந்தது. துணி காயப்போட மாடிக்கு ஏறினால் பேச்சுத் துணைக்கு ஆள் ஏறியது. இந்தச் சீமையில் ஒருத்தி தனியாக உட்கார்ந்தால் ஒன்று உடம்புக்கு முடியவில்லை, இல்லை புருஷனோடு சண்டை. மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியாது. அவள் ஊர் திரும்பினால் சைபுல்லாவும் திரும்ப வேண்டும், அதுவும் ஏற்பாடுதான். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், ஒரு மதியம் சோறு வடித்த கையோடு சுவரில் சாய்ந்தாள். சுவர் இடம் விட்டது.

உள்ளேயாவது நிம்மதியாக இருந்தாளா என்றால், யார் விட்டார்கள். அவள் தனியாக இருக்கிறாளே என்று ஷம்சாத் பாயைச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு துணைக்கு உட்கார்ந்தாள். தேத்தண்ணி வேணுமா, புழுக்கமா இருக்கா என்று ஆளுக்கு ஆள் தட்டினார்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்தெல்லாம் சுவரைப் பார்க்க ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கூட்டம் இரண்டு பங்கானது. விஷயம் பள்ளிவாசலுக்கு எட்டி, சைபுல்லா வாசல் திரைக்கு வெளியே வந்து நின்றான். தொழுவதற்காக வெளியே வந்திருந்த அனீஸா திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"முடியலன்னா சொல்லு, ஊருக்குப் போயிடலாம்."

"வேணாம் மச்சான். இப்ப போனா, என்னால எதுவுமே முடியாதுன்னு நானே நம்பிடுவேன்."

அப்போது ஜமாஅத்துக்குத் தலைவரான அமீரின் மனைவி ஜஸீலா எழுந்தாள். பெண்களுக்குப் பயான் பேசி அந்தக் கூடத்தை நடத்தியது அவள்தான். தஞ்சாவூரில் ரயில் ஏறும்போது தொடங்கிய பேச்சை பூதலூரில் இறங்கிய பிறகும் முடிக்காதவள், யார் மகளை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தது என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவள். அனீஸா மறுபடி சுவருக்குள் போனதும், "நான் போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்" என்று போனாள். சுவர் அவளுக்கும் இடம் விட்டது. ஆனால் இடம் ஒருத்திக்குத்தான், அதனால் அனீஸா வெளியே வந்தாள். ஜஸீலா வரவில்லை. தட்டியதற்கு, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று குரல் வந்தது. மறுநாளும் அதையே சொன்னாள். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் வெளியே வருவாள், திரும்பப் போய்விடுவாள். அமீரிடம் கேட்டதற்கு, "அங்க உக்காந்தும் அல்லாவ நெனச்சு திக்ரு செய்யலாம்தானே" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போனார்.

கூடம் நிறையப் பெண்கள், பயான் பேச ஆள் இல்லை. எல்லோரும் அனீஸாவைப் பார்த்தார்கள். ஒளிய இருந்த ஒரே இடத்திலும் ஆள் இருந்தது. வாயைத் திறந்தாள், குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை. கேட்கவில்லை என்று எல்லோரும் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள், அது அதைவிடக் கொடுமை. ஆனாலும் அவள் சன்னமாகப் பேசியதைக் கேட்பதற்காக மற்றவர்கள் வாயை மூடினார்கள். ஊர்க்கதை பேச வந்தவர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள், மிஞ்சியவர்கள் நெடுநேரம் இருந்தார்கள். போகப் போகப் பழகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம், பழகவே இல்லை. ஒவ்வொரு மாலையும் மீதி நாளை எண்ணிக்கொண்டுதான் பாத்திரம் துலக்கினாள்.

கடைசி நாள் வேன் வந்து நின்ற பிறகுதான் ஜஸீலா புர்காவிலிருந்து சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பாய் சுருட்டும்போது மெதுவாகக் கேட்டாள்.

"இத்தன பேர எப்படிம்மா சமாளிச்ச?"

"நீங்க இத்தன வருஷமா சமாளிச்ச மாதிரிதான் லாத்தா."

வேன் நீடாமங்கலம் தாண்டும்வரை ஜஸீலா அனீஸாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

இப்போதும் இருவரும் சேர்ந்தேதான் ஜமாஅத் போகிறார்கள். ஒரு ஊரில் தங்க வீடு தருகிறோம் என்றால், தண்ணீர் வசதிக்கு முன்னால் ஜஸீலா சுவர் எத்தனை கனம் என்று கேட்கிறாள். ஒற்றைச் செங்கல் சுவர் என்றால் வேறு வீடு பார்க்கச் சொல்கிறாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, அளந்து சொல்லிவிடுகிறார்கள்.