பிறர் வாக்கியத்தை முடித்துவைப்பவன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, நான் வாங்கிக் கட்டிக்கொண்டது.

இரண்டு நாவல் எழுதி முடித்து, ஐம்பது வயதில் ஒரு வேலையில் சேர்ந்தேன். மாற்றுத்திறனாளிகள் தங்கள் சொந்த வீட்டில், தங்கள் இஷ்டப்படி வாழ்வதற்குத் துணையாள் அனுப்பும் நிறுவனம் அது. மூன்று வாரம் சோதனைக் காலம். அதற்குப் பிறகு நான் இருப்பதா போவதா என்பதை நிறுவனம் முடிவு செய்யாது. யார் வீட்டில் வேலை பார்க்கிறேனோ அவர்தான் முடிவு செய்வார்.

என்னை அனுப்பிய வீடு ஓர் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருந்தது. அங்கே தனியாக வசிக்கும் பெண்மணிக்கு நாற்பத்து நான்கு வயது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பிறவியிலிருந்தே அவருடைய கைகால்களும் நாக்கும் அவசரப்படுவதில்லை. இரண்டு சொல் சொல்வார், நிறுத்துவார், மூச்சிழுத்து அடுத்த இரண்டைச் சொல்வார்.

பயிற்சியில் சொன்ன முதல் விதி: அவர் பேசும்போது காத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். இதையெல்லாம் சொல்லவா வேண்டும் என்று நினைத்தேன்.

[சொல்லத்தான் வேண்டும்.]

2

கதையை எப்படித் தொடங்குவது?

'ஜன்னல் வழியே சோகமான வெயில் அவருடைய சக்கர நாற்காலியின் மீது'

விட்டுவிட்டேன். வெயிலுக்கு என்ன சோகம்? அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதே வெளியே யார் எங்கே வண்டி நிறுத்துகிறார்கள் என்று உளவு பார்க்கத்தான்.

'பொறுமையின் வடிவமான அந்தப் பெண்மணி'

பச்சைப் பொய். தேநீர் கொஞ்சம் ஆறிப்போனாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். பொறுமை தேவைப்பட்டது எனக்கு.*

மூன்றாவது தொடக்கத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"அந்தம்மா எங்க பேசறாங்க? பக்கம் பக்கமா நீங்கதானே பேசறீங்க?"

"அவங்க பேசறதுக்கு நேரமாகும்."

"ஆகட்டுமே. பேப்பரா தீந்துபோச்சு?"

* கதை எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க… ஆனா… நல்லவளா மட்டும்… எழுதிடாதீங்க."

3

எழுத்தாளனுக்கு இது தொழில் வியாதி. எதிரில் இருப்பவர் "நேத்து நான்" என்று ஆரம்பித்தால் போதும், அவர் நேற்று என்ன செய்தார் என்று அவருக்கே சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

முதல் வாரம். "அந்த அலமாரியை…" என்றார்.

"அடுக்கணுமா மேடம்?"

பதிலுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க அடுக்கினேன். "தொடாதீங்க" என்பதுதான் மீதி வாக்கியம். அன்று அவர் சிரித்துவிட்டார். இரண்டாவது வாரம் நடந்ததற்குச் சிரிக்கவில்லை.

வாசலில் அவருடைய நாற்காலி இறங்குவதற்கென்று ஒரு சாய்தளம் உண்டு. அதன் மேல் எல்லோரும் பைக்குகளை நிறுத்திவைத்திருந்தார்கள். வெளியே போக வேண்டுமென்றால் வீடு வீடாக மணியடித்து ஒவ்வொரு வண்டியாக எடுக்கச் சொல்ல வேண்டும். சங்கக் கூட்டத்தில் செயலாளர் பேச ஆரம்பித்தார்.

"வண்டிங்களை… நாளைக்குள்ள… எடுக்கலேன்னா…"

நிறுத்தி மூச்சிழுத்தார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் கொட்டாவி விட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"எடுக்கலேன்னா அவங்களுக்கு ரொம்பச் சிரமம்னு சொல்றாங்க."

"ஐயோ பாவம், பாத்துச் செய்யலாம்" என்றார் சங்கத் தலைவர். கூட்டம் கலைந்தது. செயலாளர் விட வந்த மிரட்டலை நான் மனுவாக்கிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார். "நான்… செயலாளர். பிச்சை… கேக்கல."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை அலங்கரித்து எழுத வழி தெரியவில்லை.

4

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தன் மோட்டார் நாற்காலியைக் கேட் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். [வண்டிகளை எடுக்கச் சொல்லி வீடு வீடாக மணியடித்தவன் நான்தான். கடைசியாக ஒரே ஒரு தடவை என்றார்.] எதிரே அலுவலகம் போகும் பைக்குகள், இரண்டு கார்கள், காது கிழியும் ஹாரன்.

'அப்போது வானம் இருண்டு'

இல்லை. வானம் சும்மாதான் இருந்தது.

தலைவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"என்ன சார் இது? அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?"

மீதி வாக்கியம் இப்போது எனக்கே தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது. விழுங்கினேன்.

"அவங்களையே கேளுங்க சார்."

கேட்டார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"எடுக்கலேன்னா… தினமும்… இந்த நேரத்துக்கு… இங்கதான்… நிப்பேன்."

சொல்லி முடிக்க ஒரு நிமிடம் பிடித்தது. அன்று மாலையிலிருந்து சாய்தளத்தின் மேல் ஒரு வண்டிகூட இல்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: "ரெண்டு நாவல் எழுதினவருக்கு வாயை மூடிக்கக் கத்துக்க ரெண்டு வாரமா?"

5

முடிவுக்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு 'நீங்களே இருங்கள்' என்கிறார். எனக்கே தித்திப்பு தாங்கவில்லை. மற்றதில் என்னை அனுப்பிவிடுகிறார், நான் அதே சாய்தளத்தில் இறங்கி… அதை எழுத மனம் வரவில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும். அந்த வீட்டில்தான் முதல்முறையாக ஒரு மனிதரை முழுசாகக் கேட்டேன்.

இன்று மூன்றாவது வாரத்தின் கடைசி நாள். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் ஓரமாக, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு.

"சொல்லுங்க மேடம். இவரே தொடர்ந்து வரட்டுமா?"

"இவர்… பெரிய வாயாடி."

மேற்பார்வையாளர் சிரிக்கிறார். நானும்தான்.

"ஆனா…"

நிறுத்தி மூச்சிழுக்கிறார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வரக்கூடிய ஏழெட்டு வாக்கியங்கள் என் கைவசம் இருக்கின்றன. இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் நழுவிவிடுவது வழக்கம். நான் தரமாட்டேன். அது என்னுடையதுமல்ல, உங்களுடையதுமல்ல. ஒத்தாசைக்கு வருகிறேன் என்று நீங்களும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.