எழுதி வைத்த காரணம்

பூமாரியின் மனு மூன்றாவது தடவையும் திரும்பி வந்துவிட்டது. தாலுகா கோர்ட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதும் சேக் தாவூது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் கிறுக்கியிருந்ததைப் படித்தார்.

“வழக்கு எண் குறிக்கப்படவில்லை. எண் இல்லாமல் தேட இயலாது. இம்புட்டுத்தாம்மா எழுதியிருக்காக.”

“ஸ்டேசன்ல கேட்டா கோர்ட்டுக்குப் போங்கிறாக. கோர்ட்டுல கேட்டா ஸ்டேசனுக்குப் போங்கிறாக. செத்தது எம் புருசன் பாய். நான் எங்கனதான் போறது?”

சேக் தாவூது மனுவை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

எட்டு வருடம் ஆகிறது. எழுபத்தொன்றாம் வருடம் ஐப்பசியில் பூமாரி குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கப் போயிருந்தாள். சேதி வந்து, மழையில் ஜீப் கிடைத்து, பண்ணைப்புரத்துக்கு மேற்கே இருக்கும் தன் ஊருக்கு அவள் இறங்கி வருவதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. புருசன் கருத்தக்கண்ணனைப் புதைத்து முடித்திருந்தார்கள். வேலை பார்த்த தோட்டத்துக் கிணற்றில் கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று அவளுடைய அண்ணன் பலவேசம் சொன்னான்.

அவளால் அதை நம்ப முடியவில்லை. கருத்தக்கண்ணன் கிணறு வெட்டுகிறவன். அந்தக் கிணற்றையே அவன்தான் தூர் வாரி ஆழப்படுத்தினான். அவள் மலைக்குப் போவதற்கு முந்தின வாரம்தான், கீழ்க்காட்டுக்காரர்களின் முறைத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்ப மாட்டேன் என்று தோட்டத்து முதலாளியிடம் மல்லுக்கு நின்றிருந்தான். போலீஸ் என்ன எழுதிற்று, டாக்டர் என்ன எழுதினார் என்று தெரிந்துகொண்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் காகிதம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

எழுபத்தொன்பதில், சித்திரை வெயிலில், கிருபாவதி வந்தாள். தேனிக்காரி. மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்றில் விழுந்து செத்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய மேலிடத்தில் அனுமதி வாங்கி வந்திருந்தாள். ரெக்கார்டு ரூமில் அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்து, பழைய கட்டுகளையெல்லாம் இறக்கி வைத்தார்கள்.

சேக் தாவூது சொல்லித்தான் பூமாரிக்கு இது தெரிந்தது. மறுநாள் காலையிலேயே வந்து கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டாள். சாயங்காலம் வெளியே வந்த கிருபாவதி, அவள் சொன்னதையெல்லாம் நின்று கேட்டாள்.

“எனக்குக் கொடுத்த அனுமதியில யார் பேரையும் வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க அம்மா. நான் சொல்ல முடியாது.”

“நீங்க ஆருங்க அவருக்கு?”

கிருபாவதிக்குச் சட்டென்று புரியவில்லை.

“கேக்குறேன் டீச்சர். அவரு மூஞ்சியை நீங்க பாத்ததில்லை. உங்களுக்கு நாற்காலி போட்டுக் காட்டுறாக. ஒண்ணாப் படுத்துப் பிள்ளை பெத்தவளுக்கு நம்பர் இல்லைங்கிறாக.”

கிருபாவதி முகம் சிறுத்துப் போய் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். பூமாரி மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் கிருபாவதி தானாகவே அவளிடம் வந்து, நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுத்தாளை நீட்டினாள். அதில் ஒரு எண்ணும் வருடமும் மட்டும் இருந்தன.

“இதைப் போட்டு மனு எழுதச் சொல்லுங்க. நீங்கதான் மனைவின்னு ஒரு பிரமாணப் பத்திரமும் சேர்க்கணும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “அதுல இருக்கிறது உங்களுக்கு நல்லதா இருக்காது. வேண்டாம்னு தோணுச்சுன்னா விட்டுருங்க.”

ஒரு மாதத்தில் நகல் வந்தது. நாலு பக்கம். சேக் தாவூது வேப்பமரத்தடியில் வைத்துத் தாழ்ந்த குரலில் படித்தார். பின்மண்டையில் மூன்று அங்குல நீளத்துக்குக் காயம் இருந்ததாக டாக்டர் எழுதியிருந்தார். விழும்போது கிணற்றுப் படியில் மோதி ஏற்பட்டிருக்கலாம் என்று அதற்குக் கீழே இருந்தது.

“படியா?” என்றாள் பூமாரி. “அந்தக் கிணத்துக்கு ஏது பாய் படி? அன்னிக்கும் கயித்தைப் பிடிச்சுத்தான் இறங்கணும், இன்னிக்கும் அப்படித்தான்.”

சேக் தாவூது அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

“படிங்க பாய்.”

“இது வேண்டாம்மா.”

“எட்டு வருசமா நடக்கேன். படிங்க.”

பிரேத விசாரணையில் ஊர்ப் பஞ்சாயத்தார் ஐந்து பேர் ஒருமித்துச் சொன்ன அபிப்பிராயம் அது. இறந்தவரின் மனைவி பூமாரி, வேறொரு ஆடவனோடு மலைக்குப் போய்விட்டபடியால், மானம் தாங்காமல் அவர் தானாகவே கிணற்றில் குதித்து உயிரை விட்டார். இதில் வேறு யார்மீதும் சந்தேகம் இல்லை. கீழே ஐந்து கையெழுத்துகளின் பெயர்கள். முதல் பெயர் பலவேசம்.

பூமாரி அழவில்லை. நகலை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

பலவேசம் அதே தோட்டத்தில் மோட்டார் ரூமில் இருந்தான். கருத்தக்கண்ணன் செத்த மறுமாதம் அவனுக்குக் கிடைத்த வேலை அது. தங்கச்சியின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. மோட்டாரை நிறுத்தினான்.

“எழுதிக் கொண்டாந்து நீட்டினாக தாயி. போடுன்னாக, போட்டேன்.”

“படிக்கத் தெரியாதா உனக்கு? அஞ்சாப்பு படிச்சவன்தானே?”

“தெரியும்.”

“நான் எவங்கூடண்ணே போனேன்? ஜீப்புல ஏத்திவிட்டது நீதானே? பொம்பளையாளு பதினோரு பேரு போனோம். எண்ணிப் பாத்துக் கதவைச் சாத்துனது நீ.”

பலவேசம் கைகளைக் கரித்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். “மொதலாளியை எதுத்துக்கிட்டு இந்த ஊர்ல குடியிருக்க முடியுமா? செத்தவன் வரவா போறான்? நீ ஊர்ல இல்லை. உன்னைச் சொன்னா கேக்க ஆளு இல்லைன்னு நினைச்சாக.”

“நினைச்சாகளா, நினைச்சீகளா?”

பலவேசம் திரும்பி மோட்டாரைப் போட்டான். அன்றைக்கு அறுந்த பேச்சுதான். பிறகு அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

விசாரணையைத் திரும்ப எடுக்கச் சொல்லி சேக் தாவூது ஒரு மனு எழுதிக் கொடுத்தார். கிணற்றுக்குப் படி கிடையாது என்பதை இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டு எழுதினார். மனு மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போயிற்று.

கிருபாவதி வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாளில் பூமாரி அவளைப் பார்க்க பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

“உங்க நோட்டுல எம் புருசனை எந்தக் கணக்குல வச்சிருக்கீக டீச்சர்?”

கிருபாவதி நோட்டைத் திறந்து காட்டினாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. மொத்தம் நாற்பத்தொரு சாவு. காரணம் என்ற கட்டத்தில் பத்தொன்பது பேருக்குக் குடும்பத் தகராறு, மனைவியின் நடத்தை என்று எழுதியிருந்தது.

“ரெக்கார்டுல இருக்கிறதைத்தான் நான் எழுதணும்.”

“எம் புருசன் விசயத்துல இருக்கிறது பொய்யி. மத்தப் பதினெட்டுப் பேரு பொண்டாட்டியும் படிச்சுப் பாத்திருப்பாகளா?”

கிருபாவதி அந்தப் பத்தொன்பது வரிகளையும் விரலால் தொட்டு எண்ணினாள். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் போனாள். அந்தப் பத்தொன்பது பேரையும் கணக்கில் எடுக்க முடியாது என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடி மாதம் மதுரையிலிருந்து பதில் வந்தது. காலம் கடந்துவிட்டபடியாலும், புதிய சாட்சி இல்லாதபடியாலும் மேல் நடவடிக்கை தேவையில்லை. இரண்டு வரிதான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊர்க்குழாயடியில் பெண்கள் கூடியிருந்த நேரத்தில் பூமாரி நகலை எடுத்துக்கொண்டு போனாள். எட்டு வருடமாக அவள் போனால் அங்கே பேச்சு அடங்கிப்போகும். தாலியறுத்தவளுக்கு நேர்கிறதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. நான் எவங்கூடயும் ஓடிப் போகலை. காய் பறிக்கப் போனேன். அஞ்சு பேரு பொய்யி சொல்லி எழுதி வச்சிருக்காக. அதுல மொத ஆளு எங்க அண்ணன்.”

யாரும் ஆச்சரியப்படவில்லை. சோணையம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவளும் அன்றைக்கு அதே ஜீப்பில் மலைக்குப் போனவள்தான்.

“தெரியும் பூமாரி. அன்னிக்கே தெரியும். அஞ்சுல ஒருத்தரு எங்க வீட்டுக்காரரு.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீக?”

“ஊருக்கே தெரியும் ஆத்தா. உனக்கு மட்டுந்தான் தெரியாது.”

குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூடத்தான் யாருக்கும் கை வரவில்லை. பூமாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய், மகள் அக்கம்மாளிடம் சாமான்களைக் கட்டச் சொன்னாள்.

போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் காய் பிரிக்கும் வேலை கிடைத்தது. போகிற வழியில் சேக் தாவூதிடம் புது விலாசத்தை எழுதிவைத்துப் போனாள். கிருபாவதியிடமிருந்து கடிதம் வந்தால் அனுப்பி வைக்கச் சொன்னாள். மழைக்காலம் கழிந்து, தையும் பிறந்தது. கடிதம் ஒன்றும் வரவில்லை.