பழியின் நாலு வரி

வெள்ளிக்கிழமை லவீனாவுக்கு வேலை நிரந்தரக் கடிதம் வர வேண்டும். பதினொரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பத்தொரு வயதில் திரும்ப வேலைக்கு வந்தவள். இந்த மங்களூரில் அந்த வயதுக்காரிக்கு இன்னொரு கம்பெனி கதவைத் திறக்காது. செவ்வாய்க்கிழமை காலை ஒரு புது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முப்பத்தாறு நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையிலும் 'நார்மல்' என்றே அச்சாகியிருந்ததாம்.

ஆஸ்பத்திரிகளுக்குப் பரிசோதனை அறிக்கை அச்சிட்டுத் தரும் எங்கள் பைத்தான் புரோகிராம், ஆஸ்பத்திரியின் பெயரைப் பார்த்து, ஓடும்போதே அதற்குரிய கோப்பை இழுத்துவந்து, அதிலிருந்து அறிக்கையை உருவாக்கும். இந்த ஆஸ்பத்திரிக் கோப்பை எழுதியவள் லவீனா.

"என் மெஷின்ல ஒழுங்கா ஓடுது யோகீஷ். சர்வர்ல மட்டும் கோப்பு உள்ளயே வரல," என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"எரர் என்ன காட்டுது?"

"ஒண்ணுமே காட்டல மாராயா. அதான் பயமா இருக்கு."

பாதை சரி, பெயர் சரி. மதியம்வரை தேடினோம், வாங்கி வைத்த மீன் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் கோப்பை இழுத்துவரும் இடத்தை அவளே திறந்தாள். அங்கே நாலு வரி. கோப்பு வராவிட்டால் வாயைத் திறக்காதே, பொது அறிக்கை ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடு என்றன அவை. பொது அறிக்கையில் எல்லோரும் நார்மல். அந்த வரிகளை நீக்கியதும் உண்மையான பிழை வந்து விழுந்தது. அவள் கோப்பு ஓடத் தேவையான ஒரு லைப்ரரியை, அந்தத் துணைப் புரோகிராமை, சர்வரில் யாரும் ஏற்றவில்லை. ஐந்து நிமிட வேலை.

மேனேஜர் ஜெயராம ஷெட்டி வந்தார். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரிக்கும் கடைசியாகத் தொட்டவர் பெயர் பதிவாகும். அவர் கேட்டதும் அதைத்தான்.

"எந்தப் புண்ணியவான் மாராயா இந்த நாலு வரிய எழுதினது?"

திரையில் லவீனாவின் பெயர். அவள் எழுதவில்லை. சேர்ந்த முதல் வாரம், பழைய கோப்புகளில் வரிகளின் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னேன். தொட்ட வரியெல்லாம் அவள் பெயருக்கு மாறிவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் திரையில் சிவப்பாகப் பிழை வரக் கூடாதென்று மூன்று வருடம் முன்பு அதை எழுதியவன் நான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் ஆபீசில் இரண்டுக்கும் நடுவே, முந்தின பதிவைத் திறக்கும் ஒரே ஒரு க்ளிக். மௌஸ் என் கையில் இருந்தது.

லவீனா என்னையே பார்த்தாள்.

"வேலைய இடையில விட்டுட்டு வந்தவங்களை எடுத்தா இதான் கதி," என்றார் ஷெட்டி.

என் பதவி உயர்வு அவர் மேசையில் கிடந்தது. சொல்லவே கூசுகிறது; திரையை மூடினேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. வேண்டாம் என்று. லிஃப்ட் வரை கூடப் போனேன்.

"லவீனா, அதுக்கு முந்தின பதிவை நீங்க..."

"ஷெட்டி வர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, தப்பிக்கப் பார்க்கிறாள்னு சொல்வாங்க. நீங்க சொன்னா அதோட முடிஞ்சிருக்கும். சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்."

லிஃப்ட் வந்தது. கை கொடுத்துவிட்டுப் போனாள். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை.