ஷூவுக்கு மேல் சாக்ஸ்

என் மகன் என் ஷூவை ஒளித்து வைத்துவிட்டான். எழுபது தாண்டிய ஒரு மனுஷியைப் பனிக்காலத்தில் வீட்டோடு அடைத்துப்போடப் பூட்டும் சாவியும் எதற்கு? ஷூவை எடுத்தால் போதாதா? அலமாரிக்குப் பின்னால் பார்த்தேன், வாஷிங் மெஷினுக்குள் பார்த்தேன், எங்கேயும் இல்லை.

"எங்கடா வெச்ச?"

"பனி உருகட்டும், தரேன்." சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்தவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பனி உருகறவரைக்கும் உங்க அத்தை காத்திருப்பாளா?"

கீபோர்டை இன்னும் வேகமாகத் தட்டினான்.

அவன் அத்தை என்றால் என் நாத்தனார். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான் என்று இந்த வீட்டில்தான் சண்டை போட்டுக்கொண்டு வாழ்கிறோம். பனிக்காலம் தொடங்கியதும் தொடங்காததுமாகக் குப்பை கொட்டப் போனவள், கட்டட வாசல் படியில் சறுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். எழுந்திருக்க முடியாமல் பனியிலேயே கிடந்தாள். அவளைக் கண்டெடுத்தவன் என் மகன்தான். அவன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. ஆனால் சூடு பட்டது பூனைக்கு, கட்டிப்போடுவது என்னையா?

ஆபரேஷன் முடிந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அவளுக்கு நடை பழக்குகிறார்கள். அங்கேயுள்ள பிசியோதெரபி பெண் பொறுமைசாலி. எங்கள் மகாராணிதான் பிடிவாதக்காரி. அண்ணி பக்கத்தில் நின்றால்தான் காலைத் தரையில் ஊன்றுவாளாம். இந்த வாரக் கடைசிக்குள் நடைவழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர் எவரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. வாரக் கடைசி நாளைக்கு. என் ஷூ காணாமல் போனது நேற்று.

"நான் பள்ளிக்கூட வேன் ஓட்டினவடா. ஊரே பனியில வழுக்கிக்கிட்டு இருந்தப்ப அத்தனை குழந்தைங்களையும் பத்திரமா கொண்டுபோய் விட்டவ. மெதுவா போகணும், சட்டுனு திரும்பக் கூடாது, சட்டுனு பிரேக் போடக் கூடாது. காலுக்கும் அதே சட்டம்தான்."

"ஆனைக்கும் அடி சறுக்கும்மா."

"என்னை ஆனைங்கறியா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வீட்டுக்குள்ளயே இரு. அதுக்குத்தானே கூடம் பூரா விரிப்பு வாங்கிப் போட்டிருக்கேன்" என்றான்.

அந்த விரிப்புகளைப் பற்றிச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். நான் வழுக்கக் கூடாதாம், பாதம் சில்லிடக் கூடாதாம். கதவுக்கு ஒன்று, சோபாவுக்கு ஒன்று, போன் வைத்த ஸ்டூலுக்கு ஒன்று என்று கூடம் முழுக்க விரித்துவைத்திருந்தான். ஓரமெல்லாம் சுருண்டு நிற்கும். காலை வாரிவிடும் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை.

அப்போது போன் அடித்தது. இந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எழுந்து வேகமாகப் போனேன். ஸ்டூலுக்கு முன்னால் விரிப்பின் ஓரம் கட்டைவிரலில் மாட்டியது. அவ்வளவுதான், தரையில் கிடந்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

நாற்காலி கவிழ்ந்து விழ அவன் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. அக்குளுக்குள் கையைக் கொடுக்கக் குனிந்தான்.

"தொடாத!"

"அம்மா..."

"தொட்டேன்னா இருக்கு. தள்ளி நில்லு."

நான் அவசரப்படவில்லை. மூச்சை இழுத்துவிட்டேன். கையை ஆட்டிப் பார்த்தேன், காலை ஆட்டிப் பார்த்தேன். முழங்கை எரிந்தது, வேறொன்றும் இல்லை. நாத்தனாருக்கு அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் மெத்தையோரத்தில் நான் பழகியதுதான் இது. பக்கவாட்டில் புரண்டேன். முழங்கையை ஊன்றி, பிறகு கையை ஊன்றி, குழந்தை மாதிரி மண்டியிட்டு சோபாவரை தவழ்ந்தேன். சோபாவைப் பிடித்துக்கொண்டு, வலுவான காலை முன்னால் வைத்து அழுத்தினேன். எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. நடுங்கட்டும், நின்றேன் அல்லவா?

என் மகன் வாயைத் திறந்தபடி நின்றான். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

"அண்ணி, நேத்தும் வரல. இன்னிக்கும் வரமாட்டீங்களா?" குரல் உடைந்திருந்தது.

"கிளம்பிட்டேன். நீ சீவி முடிச்சுத் தயாரா இரு."

வீட்டுக்குள் போடும் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டேன். அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. மகன் அறைக்குப் போய் அவனுடைய கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியை எடுத்துவந்து, உட்கார்ந்து, ஷூவுக்கு மேலேயே இழுத்து மாட்டினேன். பனியைக் கம்பளி கவ்விப் பிடிக்கும். வேன் காலத்தில் நாங்கள் செய்ததுதான்.

"அது என் நல்ல சாக்ஸ்மா!"

"என் நல்ல ஷூ எங்க?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். கைத்தடியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவன் தடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். படியில் கைப்பிடியைப் பற்றி இறங்கினேன். தெருவில், மணல் தூவிய ஓரமாகவே, பாதம் முழுக்கப் பதித்து வாத்து மாதிரி நடந்தேன். எதிரே வந்தவர்கள் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், பல் அவர்களுடையது, எலும்பு என்னுடையது.

நாத்தனார் நடைவழியின் முனையில், சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் காலைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

"என்ன அண்ணி கோலம் இது?"

"பேச்ச அப்புறம் வெச்சுக்கலாம். நட."

"கையக் குடுங்க."

"தர மாட்டேன். பக்கத்துலயே வரேன்."

"விழுந்துட்டா?" அவள் கண்ணில் அந்த வாசல் படி தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன் பேசினான். "அம்மா இப்பத்தான் விழுந்தாங்க அத்தை. நான் வாங்கிப் போட்ட விரிப்புலதான். என்னைத் தொடக்கூட விடல. அவங்களே எழுந்தாங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பிசியோதெரபி பெண் நடை வண்டியை முன்னால் வைத்தாள். மகாராணி புறப்பட்டாள். முனைவரை போனாள். அங்கே நின்று மூச்சு வாங்கினாள், வைதாள், திரும்பினாள். நான் அவளைத் தொடவேயில்லை. தொடாமல் இருப்பதுதான் விழுந்து எழுந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"ஷூ எங்கடா?" என்றேன்.

"கார் டிக்கில."

"எடுத்துட்டு வா. அந்த விரிப்பையெல்லாம் சுருட்டி அதே டிக்கில போடு. அப்படியே கடைக்குப் போய் அத்தைக்கும் ஒரு ஜோடி ஷூ வாங்கு. அடியில நல்லா பல் இருக்கணும். நாளைக்கு அவ அந்தப் படியில ஏறணும்."